எழுத்து ஏன் மாறியது?



போன இதழுக்கு வந்த கடிதங்களில் கதைகளைப் பற்றி எழுதியவர்களைவிட எழுத்தைப் பற்றி எழுதியவர்கள்தான் அதிகம். ‘ஐ’யின் வளைவு பிடிக்கவில்லை என்கிறார் குருவிகுளத்து ஆசிரியர் ஒருவர். எழுத்து பெரிதாகிவிட்டது, கண்ணுக்குச் சுகமாக இருக்கிறது என்று கழுகுமலையிலிருந்து ஒரு பாட்டி, பேத்தியைக் கொண்டு எழுதியிருக்கிறார். (எழுத்தின் அளவு மாறவில்லை பாட்டி. வரிகளுக்கு நடுவில் கொஞ்சம் காற்று விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.) சங்கரன்கோவில் வாசகர் ஒருவர் போனிலேயே கேட்டுவிட்டார்: “பிரஸ்ஸை மாத்திட்டீங்களா அண்ணாச்சி?”

பிரஸ் அதேதான், சிவகாசிதான். மாறியது திருவேங்கடத்தில் நம் அலுவலகத்துக் கணினிகள். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருக்கிறோம். பேஜ்மேக்கரில் கட்டிவந்த பக்கங்களை இப்போது ஸ்கிரைபஸ் என்ற மென்பொருளில் கட்டுகிறோம். கட்டுரைகள் லிப்ரே ஆபீஸில் தட்டச்சாகின்றன. படம் திருத்த கிம்ப், விளம்பரம் வரைய இங்க்ஸ்கேப். எல்லாமே கட்டற்ற மென்பொருள்கள். உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். எத்தனை கணினியிலும் போடலாம், பக்கத்து வீட்டுக்கும் நகலெடுத்துக் கொடுக்கலாம். மென்பொருளை உருவாக்கிய மூலநிரல் யார் பார்வைக்கும் திறந்து கிடக்கிறது. விஷயம் தெரிந்தவர் அதைத் திருத்தலாம், திருத்தியதை ஊருக்கே தரலாம்.

“அப்போ சிக்கனத்துக்குத்தானே?” என்று கேட்பீர்கள். சிறுபத்திரிகை நடத்துகிறவனுக்குச் சிக்கனம் கசக்குமா? ஆனால் நாங்கள் நகர்ந்தது அதனால் மட்டுமல்ல. எங்களை நகர்த்தியது பீரோவில் கிடந்த பழைய சி.டி.கள்.

தீப்பெட்டி ஆபீஸ்களைப் பற்றி நம் இதழில் முன்பு வந்த தொடரைப் புத்தகமாக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல யோசனை. குச்சி அடுக்கியவர்கள், கட்டை அடித்தவர்கள், மருந்து முக்கியவர்கள் என்று இந்தக் கரிசல் பூமியின் கதையைப் பலர் சொல்லியிருந்த தொடர் அது. சி.டி.யைப் போட்டுக் கோப்பைத் திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும். தமிழில் ஓர் எழுத்துகூட இல்லை.

டி.டி.பி. தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் சூட்சுமம் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு புழக்கத்துக்கு வருவதற்கு முன் கணினிக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதை ஏமாற்றித்தான் தமிழை வரவழைத்தோம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிடுவது, அதுதான் உத்தி. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால் கணினி உள்ளே எழுதிவைப்பது ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. திரையில் தமிழாகத் தெரிவது பாமினி கூட இருக்கும்வரைதான். அது இல்லாத கணினிக்குக் கோப்பு போனால் வேஷம் கலைந்துவிடும். இதில் எழுத்துருவுக்கு எழுத்துரு அடுக்கு வேறு. பாமினிக்கு ஒன்று, வானவில்லுக்கு ஒன்று, டாம், டாப், டிஸ்கி என்று ஆளுக்கொன்று. சில தமிழ் மென்பொருள்களுக்கு ‘டாங்கிள்’ என்று விரல் நீளத்தில் ஒரு பூட்டும் உண்டு. அதைக் கணினியின் பின்னால் செருகினால்தான் எழுத்தே வரும். பூட்டு தொலைந்து, விற்ற கடையும் மூடிப்போன பிறகு, நம் ஊர்க்காரர்கள் சொல்ல நாமே தட்டச்சு செய்த வரிகளை நாமே படிக்க முடியாது என்றாகிவிட்டது.

கரிசல் காட்டு சம்சாரிக்கு இது எளிதில் புரியும். மகசூலில் விதைப் பருத்தியை எடுத்துவைத்து அடுத்த வருசமும் ஊன்றிக்கொண்டு, கேட்டவருக்கு ஒரு படி அள்ளியும் கொடுத்த காலம் ஒன்று. வருசாவருசம் பாக்கெட்டைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று ஆனது இன்னொரு காலம்.

பழைய கோப்புகளை மீட்டது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் ஊர் நூலகத்திலோ சங்கத்திலோ இதே பாடு படுகிறவர்கள் இருப்பார்கள். முத்து அண்ணாமலை தொடங்கிப் பலர் சேர்ந்து வளர்த்த ‘ஓபன்-தமிழ்’ என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது. பாமினி, டிஸ்கி, வானவில் போன்ற பழைய குறியீடுகளில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றித் தரும் வசதியும் அதில் உண்டு. கட்டணம் இல்லை. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்கத்தான் வேண்டும். கொம்பும் காலும் சில இடங்களில் முன்பின்னாக வரும். இந்தப் பாதையில் நமக்கு முன்னால் நடந்தவர்கள் பெரியவர்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், தன் தொண்டர்கள் தட்டச்சு செய்த இலக்கியங்களை முதலில் அந்தக் காலத்துக் குறியீடுகளில்தான் வெளியிட்டது. பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. அந்த உழைப்பு நடக்காமல் இருந்திருந்தால் இன்று செல்பேசியில் சங்க இலக்கியம் தேடுகிறவர்களுக்குக் கிடைப்பதில் பாதி கிடைத்திருக்காது. தமிழக அரசும் 2010இல், கோவை செம்மொழி மாநாட்டையொட்டி, யூனிகோடையும் டேஸ்-16 என்ற தமிழ்க் குறியீட்டையும் ஏற்றுக்கொண்டது. அச்சுத் தொழில் மட்டும் பழைய எழுத்துருக்களை விடவில்லை. காரணம், பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் வராது. அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். அதற்குப் பின் பிறந்த பிள்ளைகள் கல்லூரி முடித்துவிட்டார்கள். திருமண அழைப்பிதழும் நோட்டீசும் இன்னும் அதில்தான் தயாராகின்றன.

சரி, ஸ்கிரைபஸுக்கு மட்டும் தமிழ் எப்படி வந்தது? இது எனக்கு மிகவும் பிடித்த கதை.

ஸ்கிரைபஸும் வெகுகாலம் தமிழுக்கு லாயக்கில்லாமல்தான் இருந்தது. ‘கொ’ என்று அடித்தால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஐரோப்பிய மொழிகளை மனதில் வைத்துச் செய்யப்பட்ட மென்பொருள் அது. இதைத் திருத்தப் பெரிதும் பாடுபட்டது ஓமான் நாட்டில் இருந்த ஒரு குழு. அவர்களுக்கு வேண்டியிருந்தது அரபி. அரபி எழுத்து சொல்லில் தான் நிற்கும் இடத்துக்கேற்ப உருவம் மாறும், வலமிருந்து இடமாக ஓடும். அதற்காக அவர்கள் மூலநிரலைத் திறந்து அடிப்படையையே மாற்றியமைத்தார்கள். எழுத்துகளை ஒன்றோடொன்று சேர்க்கும் வேலையை ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு கட்டற்ற நிரலிடம் ஒப்படைத்தார்கள். உங்கள் ஆண்ட்ராய்டு செல்பேசியில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதும் அந்த ஹார்ஃப்பஸின் புண்ணியத்தில்தான். 2017இல் வந்த ஸ்கிரைபஸ் 1.5.3 பதிப்பில் அரபி சரியாக வந்தது. கூடவே தமிழின் கொம்பும் தன் இடத்துக்கு வந்தது, மலையாளமும் இந்தியும் வந்தன. மஸ்கட்டில் கொத்தனார் வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போன நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த நாட்டிலிருந்து இப்படியும் ஒன்று நமக்கு வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் கேட்டு வாங்கவில்லை, யாரும் விலையும் சொல்லவில்லை.

நமக்குத் தைரியம் கொடுத்தது மேற்கே மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது. செங்கோட்டை தாண்டினால் கொல்லம். அங்கே 1947இல் வார இதழாகத் தொடங்கி, 1953இல் நாளிதழானது ‘ஜனயுகம்’. இடையில் நின்றுபோய் 2007இல் மறுபடி வெளிவந்த கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகை. அதற்கும் நம்மைப் போலவே பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருக்களும். 2019இல் அவர்கள் ஒட்டுமொத்தமாக மாறினார்கள். குபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துத் தங்களுக்கென்றே ஓர் இயங்குதளம் தயாரித்துக்கொண்டு, பக்கங்களை ஸ்கிரைபஸில், யூனிகோடு மலையாளத்தில் கட்டத் தொடங்கினார்கள். நாம் மாதம் ஒருமுறை மூச்சு விடுகிறவர்கள். தினமும் ராத்திரி குறித்த மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போயாக வேண்டிய நாளிதழே இதைச் செய்துவிட்டது என்று கேள்விப்பட்டபின், முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

அவர்களால் முடிந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. கேரளப் பள்ளிகளில் கணினிப் பாடமே லினக்ஸில்தான். 2001இல் தொடங்கிய ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டற்ற மென்பொருளுக்கு நகர்ந்தது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், பாடநூலை மாற்றினார்கள், பத்தாம் வகுப்புத் தேர்விலேயே அதைச் சேர்த்தார்கள். அதே 2001இல்தான் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்டு ஸ்டால்மன் வந்திருந்து இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். அந்தப் பள்ளித் திட்டம் இப்போது ‘கைட்’ என்ற அரசு நிறுவனம். இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளுக்கு உரிமம் வாங்காததால் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று 2019இல் அது கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கு ரூபாய் சுத்தமாகச் சரியா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. பத்தாம் வகுப்பில் லினக்ஸைத் தொட்ட பிள்ளை, பின்னாளில் பத்திரிகை ஆபீசில் அதைப் பார்த்து மிரளாது. அதுதான் பெரிய லாபம்.

நம் மாநிலம் இதில் பின்தங்கியதா என்றால், இல்லை. முன்னால் ஓடியது, பாதியில் நின்றுவிட்டது. 2007 வாக்கில் தமிழக அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., அதற்கு முன் திருவாரூரில் ஆட்சியராக இருந்து மாவட்ட நிர்வாகத்தைக் கணினிமயமாக்கியவர். எல்காட் கணினிகளில் சூசே லினக்ஸைப் போட்டார், அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் அதைக் கொண்டுபோக முனைந்தார். அன்றைக்கு இந்தியாவே திரும்பிப் பார்த்த முயற்சி. அதே 2007இல் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்திலிருந்து ‘பாஸ்’ லினக்ஸ் வந்தது. டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டது, இந்திய மொழிகள் தெரிந்தது. 2014 ஏப்ரல் 8ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்தியபோது, அரசுத் துறைகள் பாஸ் லினக்ஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசு அறிவுறுத்தியது.

இத்தனைக்கும் பிறகு தாலுகா ஆபீசில் எட்டிப் பார்த்தால் என்ன தெரிகிறது? விண்டோஸ்தான். என் கணிப்பு இது: இங்கே மாற்றம் சுற்றறிக்கையாக வந்தது, அங்கே பாடமாக வந்தது. சுற்றறிக்கை போட்ட அதிகாரி மாற்றலாகிப் போனால் அதுவும் கூடவே போய்விடும். வாத்தியார் மாற்றலாகிப் போனால் அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பார். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி பத்து வருடம் உழைத்து, 2013க்குள் ஏறக்குறைய 15,000 கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2017இல் மன்றத்தில் ஓட்டுப்போட்டு விண்டோஸுக்கே திரும்புவதாக முடிவெடுத்தது. நாற்காலிகள் மாறினால் முடிவும் மாறும், அது மியூனிக்கானாலும் சரி, சென்னையானாலும் சரி.

அரசு விட்ட இடத்தை இங்கே ஆர்வலர்கள்தான் பிடித்துக்கொண்டார்கள். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1990களின் கடைசியிலிருந்தே கூடிவருகிறது. விழுப்புரத்தில் ஒரு குழு 2013 முதல் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறது. த. சீனிவாசனும் நண்பர்களும் 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழ், கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே எழுதி யாரும் நகலெடுக்கலாம் என்ற உரிமத்தில் வெளியிடுகிறது. நாங்கள் படித்துத் தேறியதில் பெரும்பகுதி அதிலிருந்துதான். முகுந்தராஜின் ‘எ-கலப்பை’யில் தமிழ் தட்டச்சு பழகிய ஒரு தலைமுறையே இருக்கிறது.

எல்லாம் சொகுசாக நடந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நம் டி.டி.பி. பார்க்கும் தங்கை முதல் வாரம் முகம் கொடுத்தே பேசவில்லை. வருடக்கணக்காக விரலில் ஊறிப்போன குறுக்குவிசைகள் எதுவும் வேலை செய்யாவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? தமிழ்99 விசைப்பலகை இங்கேயும் அப்படியே இருக்கிறது என்று தெரிந்தபின்தான் சிரித்தார். ஒடுங்கிய பத்தியில் நீண்ட தமிழ்ச் சொல் வந்தால் எங்கே உடைப்பது என்ற தகராறு இன்னும் முழுதாகத் தீரவில்லை. சில பக்கங்களில் சொற்களுக்கு நடுவே ஆள் புகுந்து போகும் அளவுக்கு இடைவெளி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். தமிழ்ச் சொற்பிழை திருத்தி சுமார்தான், அதை நம்பி மெய்ப்புப் பார்ப்பவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கள் பழைய லேசர் பிரிண்டர் லினக்ஸோடு பேச மறுக்கிறது. அதை ஒரு மூலையில் வைத்துவிட்டு, பேசுகிற பிரிண்டர் ஒன்றைப் பழைய விலைக்குப் பிடித்தோம். கணக்கு எழுதும் கணினியில் மட்டும் விண்டோஸ் இருக்கிறது, ஏனென்றால் ஆடிட்டர் டேலி கோப்புதான் கேட்கிறார். அவரோடு வாதம் செய்யும் துணிச்சல் எனக்கு இல்லை.

விளம்பரதாரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோரல்டிரா கோப்பாக அனுப்பினால் நம்மிடம் சில நேரம் கோணல்மாணலாகத் திறக்கிறது. ஜவுளிக்கடைக்காரர் ஒருவரின் தள்ளுபடி விளம்பரத்தில் ‘50’ ஓரிடத்திலும் சதவீதக் குறி இன்னோரிடத்திலும் போய் நின்றன. நல்ல வேளையாக அச்சுக்கு முன்பே பார்த்துவிட்டோம். தயவுசெய்து பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். சிவகாசி பிரஸ்காரர் இந்த விஷயத்தில் தங்கமானவர். முதல்முறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். “எதுல வேணா செய்ங்க அண்ணாச்சி, நாலு கலரும் பிரிஞ்சு பிடிஎஃப்பா வந்தாப் போதும், பிளேட்டுக்கு அது எங்க செஞ்சதுன்னு தெரியவா போகுது?” என்றார். ஸ்கிரைபஸ் நான்கு வண்ணப் பிரிப்பை ஒழுங்காகவே தருகிறது. எழுத்துருக்களுக்கும் பஞ்சமில்லை. மீரா இனிமை, காடமரன், முக்தா மலர், தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிட்டவை என்று உரிமத் தொல்லை இல்லாத எழுத்துகள் நிறைய இருக்கின்றன. நம் இதழ் இப்போது மீரா இனிமையில் வருகிறது. குருவிகுளத்து ஆசிரியர் அந்த ‘ஐ’யை இன்னும் இரண்டு இதழ் பொறுத்துப் பார்க்கட்டும். அப்போதும் பிடிக்காவிட்டால் வேறு எழுத்தை முயன்று பார்க்கலாம்.

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணம் உங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஐம்பது லட்சம் மடிக்கணினிகளுக்கு மேல் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கைக்குப் போயின. நம் பக்கத்தில், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அம்மாக்களின் வீடுகளில் முதன்முதலில் நுழைந்த கணினி அதுதான். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அது எதற்கென்று யாரும் சொல்லித் தராததால் அழித்தவர்களே அதிகம். அந்தப் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிவிட்டது. மடிக்கணினி மட்டும் பையோடு பரணில். ஆன் பண்ணினால் பால் காய்ச்சி ஆற்றும் நேரம் ஆகிறது, அப்புறம் அப்டேட் கேட்கிறது.

அவ்வளவு பழையது இல்லாத கணினிகளுக்கும் இப்போது சிக்கல். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், ஓரளவு புதிய பிராசஸரும் கேட்கிறது. 2017க்கு முன் வாங்கிய கணினிகளில் பெரும்பாலானவை தேறாது. கடைக்காரர் “புதுசு வாங்கிருங்க” என்பார். அவர் பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம், அதில் பழுது ஒன்றும் இல்லை. அவற்றில் லினக்ஸ் மின்ட் தாராளமாக ஓடும். 2011 காலத்து 2 ஜி.பி. ராம் மடிக்கணினியில் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான திரைச்சூழலைப் போடலாம். ராமைக் கொஞ்சம் கூட்டி, பழைய ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. மாட்டினால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இணையத்தில் பத்துப் பக்கம் திறந்து வைத்துக்கொண்டு வீடியோவும் பார்க்க அதற்குத் தெம்பு கிடையாது. தட்டச்சு பழக, கணக்குப் போட, பாடம் படிக்க, பிள்ளைகள் நிரல் எழுதக் கற்றுக்கொள்ள அது தாராளம்.

எனவே ஓர் அழைப்பு. இந்த மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் அலுவலகத் திண்ணையில் நானும் நம் டி.டி.பி. தங்கையும் கல்லூரிப் பிள்ளைகள் சிலரும் இருப்போம். பழைய மடிக்கணினியைக் கொண்டுவந்தால் லினக்ஸ் போட்டுத் தருகிறோம், கட்டணம் இல்லை. பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டுவோம். பிடித்தால் மட்டும் நிறுவிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் வந்தபடியே கொண்டுபோகலாம். போடும் முன் உங்கள் போட்டோக்களை எல்லாம் வேறோரிடத்தில் எடுத்து வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஒரு நிபந்தனையும் உண்டு. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் கூடவே அழைத்து வர வேண்டும், போடுவதை அது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அடுத்த மடிக்கணினிக்கு அதுவே போட வேண்டும். நாங்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்போம்.

சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள். அத்தனை பேர் பேட்டரியும் போயிருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்